தேய்கிறது வான் தீவு!

இன்று காலையில் சாம்பாருக்கு ஒரு கை உப்பை அள்ளிப் போட்டீர்களே, அது எந்த ஊர் உப்பு என்று யோசித்தது உண்டா? தமிழ்நாட்டு அடுக்களையாக இருந்தால், அனேகமாக அது தூத்துக்குடி உப்பாகத்தான் இருக்கும். உப்பு விளைவிப்பதில் இந்தியாவில் குஜராத்துக்கு முதல் இடம். அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும் பங்கு தூத்துக்குடிப் பாத்திகளில் விளைவதுதான்.

"கடல் இருந்தால் உப்பு விளையாதா? இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். கடல் மட்டும் போதாது, அம்மா! நல்ல வெயில் வேண்டும். ஓயாத காற்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மழை ஒதுங்கிப் போக வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுகூடுகிற இடம் தூத்துக்குடிக் கரை. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக் காற்று மேகங்களைச் சுமந்துகொண்டு வருகிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. குற்றாலத்துக்குக் கொஞ்சம் சாரலைத் தெளித்துவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதன் கையில் ஒன்றும் மிச்சமில்லை. கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்கு வரும் பாயச வாளியைப் போல! தூத்துக்குடிக்கு வந்து சேர்வது வெறும் காற்றுதான். உப்புப் பாத்திக்கு வேண்டியதும் அதுவேதான்.

மழை என்று பார்த்தால், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக் காற்று கொண்டுவருவதே பெரும் பகுதி. மாவட்டத்துக்கு வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 65 சென்டிமீட்டர். வெயிலோ கோடையில் 35 டிகிரி செல்ஷியஸை அலட்சியமாகத் தாண்டும். மார்கழிக் காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். போர்வைக் கடைக்காரர்கள் இந்த ஊரில் பிழைப்பது கஷ்டம்.

ஆனால் பருவம் எப்போதும் கணக்கு நோட்டைப் பார்த்து நடப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒன்றரை வருஷத்து மழை ஒரு பகலிலும் ஓர் இரவிலும்! தாமிரபரணி கரை புரண்டது, ஊர்கள் தீவுகளாயின.

தீவு என்று சொன்னோம் அல்லவா? நாம் சொல்ல வந்த கதையே தீவுகளின் கதைதான்.

இருபத்தொரு மணிகள்

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரத்துப் பாம்பன் வரை, சுமார் 140 கிலோமீட்டர் தூரத்துக்கு, கரையோடு ஒட்டினாற்போல் கடலுக்குள் ஒரு தீவு வரிசை இருக்கிறது. மொத்தம் 21 தீவுகள். மன்னார் வளைகுடாவின் கழுத்தில் போட்ட மணி மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மணிகள் மிகவும் பொடி. எல்லாவற்றிலும் பெரியது மண்டபத்துப் பக்கத்து முசல் தீவு. அதுவே சுமார் 129 ஹெக்டேர்தான், அதாவது 320 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஹெக்டேர்கூட இல்லாத தீவுகளும் இந்த மாலையில் இருந்தன.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ளவை நான்கு: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. வடக்கே போனால் வேம்பாற்றுக்கு எதிரே மூன்று. கீழக்கரைக்கு எதிரே ஏழு. மண்டபத்துக்கு எதிரே ஏழு. தூத்துக்குடிக்காரர்கள் பொங்கல் சமயத்தில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிற முயல் தீவு இந்தக் கணக்கில் சேர்ந்ததல்ல. அது கரையோடு இணைந்து, இன்று சாலையிலேயே போய்வரக்கூடிய இடமாகிவிட்டது.

இந்தத் தீவுகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பூகோளப் பேராசிரியர்கள் அல்லர், கடலோடிகள். ஆனாலும் எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! வேம்பாற்றுக்கு எதிரே ஒன்றுக்கு நல்லதண்ணித் தீவு என்று பெயர். அதே கூட்டத்தில் இன்னொன்றுக்கு உப்புத்தண்ணித் தீவு என்று பெயர். தாகத்தோடு படகில் போகிறவனுக்கு இதைவிட நல்ல தேசப் படம் எது?

சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர் எப்படி வரும்? ரசத்தின் மேல் தாளித்த நெய் மிதக்கிறதல்லவா? அதே சங்கதிதான். மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசானது. மணலுக்குள் இறங்கிய மழை, அடியில் ஊறி நிற்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தீவு கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் இந்தப் படலம் நிலைக்கும். ஊற்றுத் தோண்டி அளவாக முகந்தால் தித்திப்பு; ஆசைப்பட்டு இறைத்தால் கீழேயிருந்து உப்பு மேலே வந்துவிடும். சிறு தீவுகளுக்கோ அந்தப் பாக்கியமும் இல்லை.

தீவு பிறந்த கதை

மலை உயர்ந்து பிறந்த தீவுகள் அல்ல இவை. இவற்றைக் கட்டியது ஒரு பூச்சி. சிறு விரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு கடல் ஜீவன். கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொள்ளும். அதன் மேல் அதன் பிள்ளைகள், அதன் மேல் பேரப் பிள்ளைகள். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கூட்டுக் குடும்ப மாளிகைதான் பவளப் பாறை. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகைப் பவளங்களை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இவர்கள் கொத்தனார்களைப் போல அவசரப்படுவதில்லை. உருண்டையாக வளரும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

கரையை நோக்கி வரும் அலை இந்தப் பாறைமேல் மோதி உடைகிறது. உடைந்த அலைக்கு வலுவில்லை. தான் சுமந்து வந்த மணலையும் பவளத் துண்டுகளையும் பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான வருஷங்கள் இப்படிச் சேர்ந்த குவியல்தான் தீவு. பிறகு அடம்பங்கொடி படர்கிறது; இராவணன் மீசை என்கிற முள்ளுப்புல் வேர் விடுகிறது. இந்த இரண்டும் மணலைப் பறக்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன, பிரிந்த கூந்தலை ரிப்பன் பிடித்துக்கொள்வது போல.

ஆக, தீவுக்குப் பாறைதான் மதில். மதில் இருக்கும் வரையில் வீடு இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு காற்று, ஒரு தீவு

வீட்டில் மாமியாரும் மருமகளும் மேஜை நாற்காலியை ஆளுக்கு ஒரு பக்கம் நகர்த்தி வைப்பது உண்டல்லவா? இந்தத் தீவுகளுக்கும் அந்தப் பாடுதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. மழைக்காலம் பிறந்து வாடையும் கொண்டலும் தலையெடுத்ததும், அதே மணலைத் தெற்கே திருப்பிக்கொண்டு வருகிறது. ஆகையால் சித்திரையில் பார்த்த தீவின் வால் தையில் அதே இடத்தில் இருக்காது. ஒரு முனை கரைந்தால் மறுமுனை வளரும். வரவும் செலவும் சரிக்கட்டிப் போகிற வரையில் யாருக்கும் கவலை இல்லை.

இந்தக் கடலில் ஏற்ற வற்றம் மிகச் சொற்பம். ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. இலங்கை கிழக்கே மறைத்துக்கொண்டு நிற்பதால் வங்கக் கடலின் பெரிய அலைகள் நேராக வருவதும் இல்லை. புயல்கள் அபூர்வம். அபூர்வமே தவிர, இல்லாமல் இல்லை. 1964 டிசம்பரில் வந்த புயல் இதே தீவு வரிசையின் வடகோடிக்கு அப்பால் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பட்ட பாட்டைத் தூத்துக்குடி படவில்லை. அதற்கு இலங்கையின் மறைப்பு ஒரு காரணம். இந்தத் தீவுகளும் பாறைகளும் அலையின் வேகத்தைத் தணித்தது இன்னொரு காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

முத்தும் துறைமுகமும்

தூத்துக்குடி துறைமுகமான கதையிலும் இந்தத் தீவுகளுக்குப் பங்கு உண்டு. பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பெயர் போன துறை கொற்கை. இன்று கொற்கைக்குப் போனால் கடலைக் காணோம்! தாமிரபரணி வருஷா வருஷம் கொண்டுவந்த வண்டல், கடலைச் சில கிலோமீட்டர் தூரத்துக்குத் தள்ளிவிட்டது. பிறகு காயல் தலையெடுத்தது. மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்த பட்டினம் அது. அதையும் மணல் விடவில்லை. ஆற்று முகத்துக்குச் சற்று வடக்கே ஒதுங்கி, தீவுகளின் மறைவில் அமைதியான நீரோடு இருந்த தூத்துக்குடிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் அங்கே வந்து இறங்கினார்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அங்கேதான். 1974-இல் பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்ந்த புதுத் துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர்தான். அங்கே கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் இரண்டு கல் கரைகளைக் கட்டிக் கடலை அமைதிப்படுத்தியிருக்கிறார்கள். பழைய நாளில் தீவுகள் கூலி வாங்காமல் செய்த வேலை அது!

முத்து விளைந்ததும் இந்தக் கடல் தரையில்தான். தீவுகளுக்கும் அப்பால், ஆழத்தில் உள்ள பாறைத் திட்டுகளை இங்கே 'பார்' என்பார்கள். தொல்லாயிரம் பார் என்று ஒன்று முத்துக் குளிப்பவர்களிடையே மிகவும் பிரசித்தம். சிப்பிக்குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வந்து பாரில் ஒட்டிக்கொண்டு வளர வேண்டும். மணல் வந்து மூடினால் தீர்ந்தது. 1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு இந்தக் கரையில் அப்படி ஒரு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் மணியை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். இயற்கை முத்தோ மூட்டை கட்டிக்கொண்டுவிட்டது.

சுவருக்குள் போன தீவு

இப்போது துக்கக் கதைக்கு வருவோம். 1986-ஆம் வருஷத்துக் கணக்கில் வான் தீவு 16 ஹெக்டேர், சுமார் 40 ஏக்கர். 2014-இல் அளந்தபோது சுமார் 2 ஹெக்டேர்! நாற்பது ஏக்கர் நிலபுலன் ஐந்து ஏக்கராகிவிட்டது. வானத்துச் சந்திரன் தேய்ந்தால் பதினைந்து நாளில் வளர்ந்துவிடும். கடலில் தேய்ந்த வான் தீவு தானாக வளரவில்லை.

பக்கத்திலுள்ள காரைச்சல்லி 1969-இல் சுமார் 21 ஹெக்டேர்; 2018-இல் 6 ஹெக்டேருக்கும் குறைவு. விலாங்குச்சல்லியும், கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டியும் கடலுக்குள்ளேயே போய்விட்டன. ஆக, மாலையில் இன்று தலைகாட்டும் மணிகள் 19.

யார் செய்த வேலை? கடலா? பாவம், கடலின் மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது. பல வருஷ காலம் இந்தப் பவளப் பாறையை வெட்டி, வள்ளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கல்லாகவே வைத்து வீடு கட்டினார்கள், சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். வெட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர், அன்றாடக் கூலிக்காரர்கள். கட்டியவர்களும் கெட்டவர்கள் அல்லர். பெண்ணுக்குக் கல்யாணம் வைப்பதற்குள் ஒரு நல்ல வீடு வேண்டும் என்று ஆசைப்பட்ட நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள். மதிலைப் பிரித்து வீடு கட்டினோம். மதில் போன பிறகு அலை நேரே தீவுக்குள் நுழைந்தது. இந்தக் கரையில் பழைய வீடு ஒன்றின் சுவரைத் தட்டிப் பார்க்கிறவர், கரைந்துபோன தீவின் ஒரு துண்டைத் தட்டிப் பார்க்கிறார் என்று சொன்னால் மிகை ஆகாது.

இதில் நாம் தனியாக இல்லை. மாலத் தீவுகளின் தலைநகரான மாலேயில் வீடுகள் எழுந்ததும் பவளக் கல்லால்தான். 1987-இல் பேரலைகள் நகருக்குள் புகுந்தன. பிறகு ஜப்பானின் பண உதவியோடு நகரைச் சுற்றிக் கான்கிரீட் அணை எழுப்ப வேண்டி வந்தது. நம் லட்சத்தீவுகளிலும், பங்காரம் கூட்டத்தைச் சேர்ந்த பரளி என்ற சிறு தீவு ஒன்று முழுவதும் கரைந்துவிட்டதாக 2017-இல் செய்தி வந்தது.

அத்துடன் வெயிலின் உபத்திரவம் வேறு. சித்திரை, வைகாசியில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளப் பூச்சி தாங்காது. தன் உடம்பில் குடியிருந்து நிறமும் உணவும் தரும் நுண்ணிய பாசியை வெளியே துரத்திவிட்டு, வெள்ளைவெளேரென்று வெளிறிவிடும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினிச் சாவு. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் இங்கே பெரிய அளவில் இப்படி நேர்ந்தது. 2016-இல் மட்டும், கடல் தரையில் நூற்றுக்கு 39 பங்கு இருந்த உயிர்ப் பவளம் 23 பங்காகக் குறைந்தது.

மருந்து என்ன?

நல்ல காலம், கையைக் கட்டிக்கொண்டு யாரும் சும்மா இருக்கவில்லை. 1986-இல் தமிழ்நாடு அரசு இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக்கியது. 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் பவளத்துக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு பவளம் வெட்டுவது நின்றது.

வெட்டுவது நின்றால் போதுமா? பாறை மறுபடி வளர எத்தனை தலைமுறை ஆகுமோ! அதற்குள் வான் தீவு இருக்க வேண்டுமே! ஆகவே மதிலுக்குப் பதில் மதில் வைக்க முடிவு செய்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களும், தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து யோசனை செய்தார்கள். அடி அகன்று தலை குறுகிய, துளைகள் வைத்த ஆயிரக்கணக்கான கான்கிரீட் கட்டிகள் 2015 முதல் வான் தீவுக்கு முன்னால் கடலில் இறக்கப்பட்டன. துளை எதற்கு என்கிறீர்களா? அலையை முழுக்கத் தடுத்தால் அது பக்கத்தில் திரும்பி வேறு இடத்தை அரிக்கும். துளை வழியாகப் போகவிட்டால் வேகம் மட்டும் குறையும். கோபமாக வருகிறவரை எதிர்த்துப் பேசாமல், உள்ளே விட்டு உட்கார வைத்து மோர் கொடுப்பது போல!

தேய்வது நின்றது. கொஞ்சம் மணலும் சேர்ந்தது. கான்கிரீட்டின் மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டத் தொடங்கின. துளைகளில் மீன்கள் குடிவந்தன. காரைச்சல்லிக்கும் இதே வைத்தியம் செய்ய, உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு அரசுத் திட்டம் ஒன்றில் 2025-இல் ஏற்பாடாகியிருக்கிறது.

பாசி எடுக்கும் பெண்கள்

இந்தக் காவலில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கதை முழுதாகாது. ராமநாதபுரம் கரையில் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறவர்கள் பெண்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் துடுப்பு மாதிரி கட்டிய தகடு. இவ்வளவுதான் அவர்களுடைய ஆயுதம். தலைமுறையாக இறங்கிய கடல் பூங்காவாகிவிட்டதும், "இங்கே வராதே" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிடிபட்டால் அபராதம், பிடிபடாவிட்டால் பயம். குடும்பம் நடப்பதோ அந்தப் பாசிக் காசில்.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக் காலத்தில் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். செடியை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளும் கீரைக்காரியின் நியாயம் இது. நிபுணர்களின் அளவுகோல் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த நியாயத்துக்கும் சபையில் ஓர் இடம் கொடுத்தால்தான் தீவுகளுக்கு மெய்யான காவல் கிடைக்கும்.

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள், "வான் தீவுக்கு ஒரு நடை போய்வரலாமா?" என்று கேட்பார்கள். அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது, அதுவும் நல்லதற்குத்தான். மேகமில்லாத காலையில் கடற்கரையோரம் நின்று கிழக்கே பாருங்கள். அந்தத் திசையில்தான் அது இருக்கிறது. காய்ச்சல் விட்டு இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிற குழந்தையைத் தாய் எப்படிப் பார்ப்பாள்? தொட்டிலைத் தொட மாட்டாள். வாசற்படியில் நின்று, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்புவாள். வான் தீவையும் அப்படிப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.